ஈறும் இனிப்புநீரும்: பேராக் தோட்டப்புறத் தமிழரின் உடல்நல வரலாற்றில் ஒரு பார்வை

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கூலி, குடியேற்றம், தொழிற்சங்கம், பள்ளி, கோயில் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். தொழிலாளரின் உடலும் அவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. மலேரியாக் காய்ச்சல், கொக்கிப்புழு, வயிற்றுக்கடுப்பு, சயாம் மரண இரயில்பாதையில் நிகழ்ந்த சாவுகள் என அதன் பக்கங்கள் நீள்கின்றன. ஆயினும் அப்பக்கங்களில் வாய்க்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. பல் விழுவது முதுமையின் இயல்பு என்று குடும்பத்தினர் கருதினர். உயிரைக் கொல்லாத நோய் என்று ஆட்சியினர் கருதினர்.

இன்று நிலைமை வேறு. ஈறு நோயும் நீரிழிவும் ஒன்றையொன்று வளர்க்கும் தன்மையுடையன என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. மலேசிய இனங்களுள் நீரிழிவு மிகுதியாகக் காணப்படுவது இந்தியரிடையே. அவருள் பெரும்பான்மையோர் தமிழர். எனவே தோட்டத் தொழிலாளரின் வாய் ஏன் கவனிக்கப்படாமல் போயிற்று என்னும் வினா, பழங்கதை பற்றியதன்று. இன்று உயிரோடிருக்கும் முதியோரைத் தொடும் வினாவாகும். பேராக் மாநிலத்தை, குறிப்பாக ஈப்போவையும் அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை நாம் இங்கு அணுகுகிறோம்.

சொல்லில் உறைந்த அறிவு

நீரிழிவு என்பது ஏட்டுத் தமிழ். மலேசியத் தமிழர் பேச்சில் இதற்கு வழங்கும் பெயர் ‘இனிப்புநீர்’ என்பதாகும். மலாய்மொழியில் வழங்கும் ‘கென்சிங் மானிஸ்’ என்ற தொடரும் இதே பொருளையே தருகிறது. சிறுநீரின் இனிப்பைக் கொண்டு நோயைப் பெயரிடும் மரபு இந்திய மருத்துவத்தில் மிகப் பழமையானது. வடமொழி நூல்கள் இதனை ‘மதுமேகம்’ என்றன, சித்த மருத்துவமும் அப்பெயரை ஏற்றது.

நம் கவனத்திற்குரிய செய்தி வேறொன்று உண்டு. ஆயுர்வேத நூல்கள் மேகநோய் முற்றுவதற்கு முன் தோன்றும் குறிகளைப் பட்டியலிடுகின்றன. உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சல், உடற்பிசுபிசுப்பு, தாகம், வாயில் இனிப்பு என அப்பட்டியல் செல்கிறது. அதனுள் பற்களில் அழுக்குப் படிவது என்பதும் ஒரு குறியாக அமைந்துள்ளது. சுசுருத சங்கிதையும் மாதவ நிதானமும் இதனைக் கூறுகின்றன. சுசுருத சங்கிதை வாய் நோய்கள் 65 எனத் தொகுத்து, அவற்றுள் 15 நோய்களைப் பல்லின் வேர்ப்பகுதிக்கு, அதாவது ஈற்றுக்கு உரியனவாக வகுத்தமையும் குறிப்பிடத்தக்கது. இந்நூல்கள் இன்றைய கண்டுபிடிப்பை முன்பே கூறிவிட்டன என்று பெருமை பேசுவது ஆய்வு நெறியாகாது. நோயாளியின் வாயையும் சிறுநீரையும் ஒரே உடலின் செய்திகளாகப் படிக்கும் பழக்கம் அம்மருத்துவருக்கு இருந்தது என்ற அளவில் கொள்வதே பொருந்தும். பின்வந்த காலத்தில் இழக்கப்பட்டது அப்பழக்கமே எனலாம்.

கரும்பிலிருந்து ரப்பருக்கு

பேராக்கில் தமிழ்த் தொழிலாளர் முதன்முதலில் பெருந்தொகையாக உழைத்தது ரப்பர்த் தோட்டங்களில் அன்று. கிரியான் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் செழித்திருந்த கரும்புத் தோட்டங்களுக்கே அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவற்றுள் பெரிய தோட்டமொன்றின் பெயர் கூலா; மலாய்மொழியில் அச்சொல் சர்க்கரையைக் குறிக்கும். 1877இல் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டு ஹியூ லோ நட்ட ரப்பர் நாற்றுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்தோட்டங்களாகப் பெருகின, கரும்பு பின்வாங்கியது. 1910இல் இந்திய ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. கங்காணிமுறை வழியாகச் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களின் ‘கித்தாக் காடுகள்’ தமிழரால் நிரம்பின.

அக்காலத்தில் அவர்தம் உணவு ஒரு பெரும் மருத்துவப் புதிருக்கு விடை கண்டுபிடிக்க உதவியது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருமளவில் மாண்டனர். தோட்டத் தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. தமிழர் புழுங்கலரிசி உண்டனர், சீனர் தீட்டிய பச்சரிசி உண்டனர் என்னும் வேறுபாட்டை பிராடன் என்ற மருத்துவர் 1907இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். அதே ஆண்டில் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருவகை அரிசியையும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவை வெளியிட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோர் நெகிரி செம்பிலானில் சாவகத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தி, 1909இல் இம்முடிவை உறுதிப்படுத்தினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னர் விளங்கிற்று. தமிழ்த் தாய்மாரின் அடுப்படி வழக்கம் உலக உணவியலுக்குப் பாடமாயிற்று. தோட்டத் தொழிலாளரின் உடல் உலகுக்கு அறிவைத் தந்த முதல் நிகழ்வு இது. இரண்டாவது நிகழ்வைப் பின்னர்க் காண்போம்.

தோட்ட மருத்துவத்தின் கணக்கேடு

ரப்பர்த் தோட்ட மருத்துவம் எதை நோயெனக் கொண்டது என்பதை அறிய, அது எதைக் கணக்கிட்டது என்று பார்த்தல் வேண்டும். இறப்பு விகிதமும் வேலைக்கு வாராத நாள்களும் அதன் இரு அளவுகோல்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது நிற்க இயலாதவனே நோயாளி. காய்ச்சலுக்குக் கொயினா மருந்தும், புண்ணுக்கு மருந்துத் துணியும் தோட்டத்து டிரசரிடம் இருந்தன. ஈற்றில் இரத்தம் கசிந்தவர் வழக்கம்போலப் பால் வெட்டினார்; காண்டா தூக்கினார்; ஆகவே அவர் ஏட்டில் இடம்பெறவில்லை. பல் ஆடி வலி தாங்க இயலாத நிலையில் அதனைப் பிடுங்குவதே மருத்துவமாக இருந்தது. பிடுங்கிய பின் வலி நின்றது. நோயின் கதையும் அத்துடன் முடிந்ததாகக் கருதப்பட்டது.

வீட்டு வழக்கங்கள் இரு வகையாக வேலை செய்தன. ஆலங்குச்சி, வேலங்குச்சியால் பல் துலக்கும் மரபு தமிழகத்திலிருந்து வந்தது. புதிய மண்ணில் அடுப்புக்கரியும் உப்பும் விரலால் தேய்க்கப்பட்டன. மறுபுறம், வெற்றிலை பாக்கு சுண்ணாம்புடன் புகையிலையும் சேர்ந்தது. ஓய்வின்றி உழைப்பவருக்கு அது பசியடக்கியாகவும் துணையாகவும் அமைந்தது. திருமணத்திலும் கோயிலிலும் அதற்கிருந்த மதிப்பு நாம் அறிந்ததே. ஆயினும் சுண்ணாம்பு கலந்த காவி பல்லின் அடியில் கல்லாக இறுகியது. தாம்பூலத்தின் சிவப்பு, ஈற்றிலிருந்து கசியும் இரத்தத்தின் சிவப்பை மறைத்தது. நோயின் முதல் அறிகுறியே கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. பாக்கு மெல்லுதல் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகாமை 2004இல் தெளிவாக அறிவித்தது. பாக்கு மெல்லுவோரிடையே நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுவதைத் தைவான் ஆய்வுகள் சுட்டியுள்ளன.

அரசாங்கத்தின் பல் மருத்துவம் விரிந்தபோது அது முதலில் பிள்ளைகளை நோக்கியது. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நியூசிலாந்து முறையைப் பின்பற்றிய இத்தாதியர் பள்ளி மாணவரின் பற்களைக் கவனித்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழித் தோட்டங்களில் பள்ளிகள் பரவியிருந்தமையால், தமிழ்ப்பள்ளி பின்னாளில் பல் மருத்துவம் நுழையும் வாயிலாகவும் ஆயிற்று. 1972இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் தொடங்கியது. இவை பெரும் சாதனைகள். எனினும் சொத்தைப்பல் குழந்தையின் நோய், ஈறு நோயோ வளர்ந்தோரின் நோய். பள்ளியின் வாசலோடு நின்ற கவனிப்பு, பால்காட்டில் நின்ற தந்தையையும் ஆயாக் கொட்டகையில் இருந்த பாட்டியையும் எட்டவில்லை.

தேயிலை மலையில் பார்க்கப்பட்ட வாய்கள்

மலாயாவுக்கு ஆள் அனுப்பிய அதே சென்னை மாகாணச் சிற்றூர்கள் இலங்கையின் மலையகத்திற்கும் ஆள் அனுப்பின. கங்காணி, லயம், பெரட்டு என்னும் சொற்கள் இரு நாட்டுத் தோட்டங்களுக்கும் பொதுவானவை. பேராக் தோட்டங்களில் எவரும் உட்கார்ந்து எழுதாத வாயின் வரலாறு, மலையகத்தில் எழுதப்பட்டது.

1970இல் ஹரால்டு லோ என்னும் நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலங்கையின் டன்சினேன், ஹாரோ தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதிக்கத் தொடங்கினர். அவர்கள் பல் துலக்கும் தூரிகையை அறியாதவர். பல் மருத்துவரைக் காணாதவர். 15 ஆண்டுகள் இடையிட்டு இடையிட்டு அவர்களையே மீண்டும் மீண்டும் சோதித்து, 1986இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. சொத்தைப்பல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லை. ஆனால் பற்காறையும் ஈறு அழற்சியும் எல்லோரிடமும் இருந்தன. வியப்பளித்தது அதற்கடுத்த செய்தியே. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து பரவியது. அவர்கள் 45 வயதளவில் பற்களை அனேகமாக முழுதும் இழந்தனர். 81 விழுக்காட்டினருக்கு அது மெல்ல முன்னேறியது. 11 விழுக்காட்டினருக்கோ ஈறு அழற்சிக்கு அப்பால் நோய் நகரவேயில்லை.

ஒரே தோட்டம், ஒரே வகை உணவு, ஒரே வகை அழுக்கு. விளைவு மட்டும் மூன்று. பல்லின் மேல் படிந்த அழுக்கு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை. அதனைத் தாங்கும் உடலே தீர்மானிக்கிறது என்னும் முடிவுக்கு இது வழிகோலியது. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் ஈறு நோயின் இயற்கை வரலாறாகப் பயில்வது இவ்வாய்வையே. புழுங்கலரிசிக்குப் பின், தோட்டத் தொழிலாளரின் உடல் உலகுக்கு அறிவைத் தந்த இரண்டாவது நிகழ்வாக இதனை நாம் கொள்ளலாம். ஒரு வேறுபாட்டையும் மறத்தல் கூடாது. அரிசி ஆய்வின் பயன் அக்காலத் தொழிலாளருக்கே விரைவில் கிட்டியது. ஈறு ஆய்வின் பயன் தோட்டத்து லயங்களைச் சென்றடைந்த வேகம் மிகக் குறைவு.

இருவழித் தொடர்பு

தாங்கும் உடலை வலுவிழக்கச் செய்வது எது என்னும் வினா அடுத்து எழுந்தது. அதற்கான விடைகளுள் முதன்மையானதாக நீரிழிவு அமைந்தது. 1993இல் அதே ஹரால்டு லோ, கண், சிறுநீரகம், நரம்பு, பெருங்குழாய், சிறுகுழாய்க் கேடுகளை அடுத்து நீரிழிவின் ஆறாவது பின்விளைவு ஈறு நோய் என்று எழுதினார்.

அவர் சான்றாகக் கொண்ட மக்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து பீமா பழங்குடியினர். கீலா ஆற்று நீரைக் கொண்டு வேளாண்மை செய்த அவர்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்பகுதிக் குடியேறிகள் ஆற்றுநீரைத் திருப்பிக்கொண்டமையால் தம் வேளாண்மையையும் பழைய உணவையும் இழந்தனர். பின்னர் உலகில் நீரிழிவு மிகுந்த மக்களுள் ஒருவராயினர். அவர்களிடையே நீரிழிவுடையோர்க்கு ஈறு நோய் புதிதாகத் தோன்றும் வேகம் மற்றவரினும் 2.6 மடங்கு என்று 1990இல் அறியப்பட்டது. கடுமையான ஈறு நோயுடையோர்க்கு இரத்தச் சர்க்கரை பின்னர்க் கட்டுப்பாடிழக்கும் வாய்ப்பு மிகுதி என்பது 1996இல் தெரியவந்தது. தொடர்பு இருவழிப்பட்டது என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறலாம். இரத்தத்தில் சர்க்கரை நீடித்து மிகும்போது அது புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, ஈற்றின் நுண்குழாய்களைத் தடிப்பாக்குகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் செயல் குன்றுகிறது. அழற்சி மட்டும் ஓங்குகிறது. புண் ஆறுவது தாமதப்படுகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. மறுதிசையில், ஈற்றுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலிருந்து கிருமிகளும் அழற்சிப் பொருள்களும் நாள்தோறும் இரத்தத்தில் கலக்கின்றன. அவை இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. மூன்றாவது வழியொன்றும் உண்டு. பல்லிழந்தவர் கீரைத்தண்டையும் பயற்றையும் விட்டு, குழைந்த சோற்றுக்கும் தேநீரில் தோய்த்த ரொட்டிக்கும் மாறுகிறார். சர்க்கரை மேலும் ஏறுகிறது.

இத்தகைய கருத்தை மருத்துவ உலகம் எச்சரிக்கையுடனேயே ஏற்றது. அதற்குக் காரணமுண்டு. வில்லியம் ஹண்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1910இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரைக்குப் பின், எல்லா நோய்க்கும் வாய்க்கிருமியே காரணம் என்னும் எண்ணம் பரவி, நல்ல பற்களும் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. அப்பிழை மறையப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் காலத்திலும் முடிவுகள் ஒரே திசையில் வரவில்லை. 2013இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஈறு சிகிச்சையால் சர்க்கரை குறையவில்லை. பின்னர் 35 ஆய்வுகளை ஒருங்கிணைத்த 2022ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஈறு சிகிச்சைக்குப் பின் 3 முதல் 4 மாதங்களில் 0.43 விழுக்காட்டுப் புள்ளியும், 6 மாதங்களில் 0.30 புள்ளியும் குறைவதாகக் கண்டது. இது மாயமருத்துவமன்று, நீரிழிவு மருந்துக்கு மாற்றுமன்று. ஆயினும் வாயைச் சுத்தம் செய்வதால் மட்டுமே கிட்டும் பயன் என்ற வகையில் இதனைச் சிறிதென்று ஒதுக்கவியலாது.

தோட்டத்திலிருந்து புந்தோங் வரை

பீமா மக்கள் ஆற்றை இழந்தனர்; பேராக் தமிழர் தோட்டத்தை இழந்தனர். இரண்டும் ஒன்றெனக் கூற வரவில்லை. வாழ்வின் அடித்தளம் பெயர்ந்தபின் உடலில் நிகழும் மாற்றத்தை ஒப்புநோக்க இவ்விணை உதவுகிறது. 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியமை அத்துண்டாடலுக்கான எதிர்வினையே. பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனையும், செம்பனையின் இடத்தை வீடமைப்புத் திட்டங்களும் பிடித்தன. மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். விடியற்காலையில் மேட்டிலும் பள்ளத்திலும் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்த கால்கள், தொழிற்சாலை வரிசையிலும் காவற்கூடத்து நாற்காலியிலும் நின்றுவிட்டன. சோற்றின் அளவு குறையவில்லை. கெட்டிப்பால் கலந்த தேநீரும் குறையவில்லை.

தேசிய உடல்நல ஆய்வுகளின் எண்கள் இம்மாற்றத்தின் நிழலைக் காட்டுகின்றன. 1986இல் நீரிழிவு 6.3 விழுக்காடாக இருந்தது. 2011இல் 18 வயதுக்கு மேற்பட்டோரிடையே 15.2 விழுக்காடு, இந்தியரிடையே 24.9 விழுக்காடு. 2019இல் மொத்தம் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டாய்வில் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியுள்ளது. ஈறு நோயின் எண்களோ வேறு கதை கூறுகின்றன. 2010ஆம் ஆண்டு வயது வந்தோர் வாய்நல ஆய்வில், மலேசியரில் 94 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு நிலையில் ஈறு நோய் காணப்பட்டது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பல்லின் தாங்குதிசுவை எட்டியிருந்தது.

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துக் காணுதல் வேண்டும். ஈறு நோய் தமிழருக்கு மட்டும் உரியதன்று. நாட்டு மக்கள் அனைவருக்கும் பொது. நீரிழிவும் தோட்டத்தால் மட்டும் வந்ததன்று. தோட்டமே காணாத சென்னைவாழ் தமிழரிடையேயும் அது பெருகியுள்ளது. மருத்துவர் மு. விசுவநாதன் 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் தனி நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். ஆகவே தமிழ் உடலின் தனிக்குறை என்றோ, தோட்டத்தின் ஒரே விளைவு என்றோ முடிவு கட்டுவது பிழையாகும். பேராக் தமிழரின் நிலையைத் தனித்து நிறுத்துவது இரு நோய்களின் சந்திப்பே. எல்லோருக்கும் உள்ள ஈறு நோய், மூவரில் ஒருவர் அளவுக்கு இனிப்புநீர் உடைய ஒரு சமூகத்தில், வளர்ந்தோரின் வாயை எவரும் பார்க்காத ஒரு மரபின்மேல் வந்து இறங்கியுள்ளது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், நோய்களின் தொடர்பு அறியப்படாமல் இருந்தது ஒரு குறை, அறிந்தபின்னும் வாயும் உடலும் வெவ்வேறு கதவுகளுக்குப் பின்னே வைக்கப்பட்டிருப்பது மற்றொரு குறை என்பது புலனாகும். முதற்குறையை அறிவியல் நீக்கிவிட்டது. இரண்டாவதை நீக்குவதில் மொழிக்கும் கல்விக்கும் பங்குண்டு.

‘வயதாகிவிட்டது, பல் ஆடுகிறது’ என்னும் தொடர் தமிழ்க் குடும்பங்களில் நோயை இயல்பாக்கிவிட்டது. மலையகத்தில் அதே வயதில் பல் உறுதியாயிருந்த 11 விழுக்காட்டினர் அத்தொடரை மறுக்கும் சான்றாவர். தமிழாசிரியர் வகுப்பறையில் உடல்நலப் பாடம் நடத்தும்போது, பிள்ளையின் பல்லோடு நில்லாமல் தாத்தா பாட்டியின் ஈற்றையும் பேசலாம். ‘எகிறு’ என்ற வீட்டுச் சொல்லையும் ‘ஈறு’ என்ற ஏட்டுச் சொல்லையும், ‘இனிப்புநீர்’ என்ற பேச்சையும் ‘நீரிழிவு’ என்ற எழுத்தையும் ஒருங்கே கற்பித்தால், மருத்துவமனைத் தாளில் உள்ளது வீட்டிலுள்ளவருக்கு விளங்கும். தோட்ட வாழ்வைப் பற்றி முதியோரிடம் வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர், கூலியையும் கங்காணியையும் பற்றிக் கேட்கும் வினாக்களோடு, எந்த வயதில் முதல் பல் விழுந்தது, யார் பிடுங்கினார், அதன்பின் என்ன உண்டீர்கள் என்னும் வினாக்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரட்டுக் கணக்கேடு விட்டுவிட்ட செய்திகள் அவர்தம் நினைவில் இன்னும் உள்ளன. அவற்றைக் கேட்பதற்கான காலமோ குறுகி வருகிறது.

மாதந்தோறும் இனிப்புநீருக்கு மருந்து வாங்கச் செல்லும் முதியவரிடம், ‘பல் துலக்கும்போது எகிறில் இரத்தம் வருகிறதா?’ என்று அவருக்குப் புரியும் தமிழில் ஒருவர் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. மருந்தகத்தில் கேட்க ஆளில்லையெனில், வீட்டிலிருக்கும் பேரனோ பேத்தியோ கேட்கலாம்.